பன்னிரண்டு பேரின் பதற்றம்

"தியாகராஜா அண்ணை, எந்தப் பக்கம் பதற்றம்? பேராதனைப் பக்கமோ, கடுகண்ணாவைப் பக்கமோ?"

கையில் பையும் குடையுமாக, பாதி ஓட்டத்தில் நின்று கேட்டாள் கடிதப் பிரிவுப் பத்மாதேவி. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"ஒரு பக்கமும் இல்லை, பிள்ளை. ஏன்?"

"நோட்டீஸ் பலகையிலை நீங்கள்தானே ஒட்டியிருக்கிறியள்!"

ஒட்டியவர் அவர்தான். கண்டி நகரத்து அரச அலுவலகம் ஒன்றில் ஆறு வருடமாக நிரந்தரமாகாத பதில் மொழிபெயர்ப்பாளர். தமிழ் தன்னிடம் வாலாட்டாது என்று மனுசனுக்கு அசையாத நம்பிக்கை. சிக்குன்குன்யா ஊரையே மூட்டு மூட்டாக முடக்கிப் போட்டிருந்த மாதம் அது. அந்தக் காய்ச்சலை நினைத்து அரச ஊழியர் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று அளக்க, டொக்டர் விவேகானந்தன் படிவங்களோடு வருகிறாராம். எதற்கும் பதறாமல் இருக்கப் பயிற்சியும் கொடுப்பாராம். டிரெக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தமிழ் பேசும் பன்னிரண்டு பேரின் படிவமும் நிரம்பினால் அன்றைக்கே தியாகராஜாவுக்கு நிரந்தர நியமனம், ஒன்று குறைந்தாலும் வேறு ஆள்.

'பயம்' என்று எழுதியிருந்தால் போதும். அது அவருக்குச் சின்னப்பிள்ளைத் தமிழாகப் பட்டது. 'வியாழன் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் பதற்றம் அளவிடப்படும்' என்று எழுதி ஒட்டினார்.

யுத்த காலத்துக் கண்டித் தமிழருக்குப் பதற்றம் என்றால் ஒரே அர்த்தம்தான். 'நகரில் பதற்றம்' என்று பேப்பரில் வந்தால் கடை பூட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். பத்மாதேவி எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் உடுத்த சேலையோடு கொழும்பில் அகதிக் கப்பலேறியவள். அந்தச் சொல்லைக் கண்டால் அவளுக்குக் கால் தானாக நடக்கும்.

"ஐயோ பிள்ளை, இது வேறை பதற்றம்!"

"அதிலை வேறை வேறையும் இருக்கோ?" என்றபடி அவள் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர்.

தியாகராஜா அசரவில்லை. ஒரு சொல்தானே, மாற்றினால் போச்சு! தட்டச்சு செய்யும் பாயிஸாவிடம் போனார்.

"பிள்ளை, பதற்றத்தை எடுத்துப்போட்டுக் கலக்கம் எண்டு அடியுங்கோ. தமிழ் பேசுறவை எல்லாரும் கட்டாயம் வரவேணும் எண்டும் சேருங்கோ. ரெண்டு பிரதி. பியோன் மக்கீன் நானா ஒண்டைப் பலகையிலையும் ஒண்டை வாசல் கேற்றிலையும் ஒட்டட்டும்."

பாயிஸாவுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள்தான். விரல் மூட்டெல்லாம் வீக்கம். ஒரு 'க்' விழாமல் போயிற்று.

'வியாழன் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கலகம் அளவிடப்படும். தமிழ் பேசுவோர் அனைவரும் தவறாது வரவும்.'

களஞ்சியத்து முனாப் பாய்ந்து வந்தார்.

"என்ன சேர் இது? கலகத்துக்கு நேரமும் குறிச்சு, எங்களையும் வரச் சொல்லி நோட்டீஸா? நான் ஊட்டுக்குப் போறன்!"

தியாகராஜா ஓடிப்போய்ப் பலகையில் இருந்ததைக் கிழித்தார். அப்படியே ஒரு கதிரையில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ஒருத்தரும் பயப்பட வேண்டாம்! ஒண்டும் நடக்காது! எல்லாரும் அமைதியா இருங்கோ!"

கெட்டது குடி. ஊரடங்குக்கு முன்னால் ஒலிபெருக்கியில் சொல்வதும் அச்சொட்டாக இதைத்தான். மிச்சம் சொச்சம் இருந்தவர்களும் இரண்டு நிமிடத்தில் காணாமல் போனார்கள்.

அன்று பின்னேரம் வெறும் மேசைகளைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வருடம்! ஒரு 'க்' கொண்டுபோவதா? மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தார். இந்த முறை நல்ல தமிழ் எதுவும் பேசவில்லை.

"பத்மா, இது சிக்குன்குன்யா, பிள்ளை. காய்ச்சலுக்குப் பயமோ எண்டு கேக்கினம், அவ்வளவுதான்."

"அட, வெறும் காய்ச்சலோ! நான் என்னவோ எண்டு நடுங்கிப்போனன். வாறன் அண்ணை, கட்டாயம் வாறன்."

"அல்ஹம்துலில்லாஹ்! வைரஸ் மட்டுந்தானா?" என்றார் முனாப். "அப்ப பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வரவா சேர்?"

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பன்னிரண்டு பேரும் ஆஜர். பத்மாதேவி நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். தியாகராஜா தலைகளை எண்ணிவிட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டார். இனி என்ன, கையெழுத்துத்தான் பாக்கி.

பத்து மணியாயிற்று. பத்தரையும் ஆயிற்று. டொக்டர் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. டிரெக்டர் கதவைத் திறந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தியாகராஜா மஹத்தயா, எங்கே உங்கட டொக்டர்? படிவம் எங்கே?"

தியாகராஜா மறுபடியும் தொலைபேசியை எடுத்தார். அப்போதுதான் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள், அலுவலகத்துக்குத் தேநீர் போடும் கலஹாத் தோட்டத்து வடிவம்மா. அவள் கக்கத்தில் ஒரு பழுப்புத் தோல் பை இருந்தது.

"டாக்டர்னு எனக்குத் தெரியாதுங்க சார், கண்ணாடி போட்ட ஒரு ஐயா ஒம்பதரைக்கே வந்தாரு, கேட்டுல இன்னும் ஒட்டியிருக்கிற கடுதாசியப் படிச்சாரு, இந்தப் பையக் கீழ போட்டுட்டு வந்த த்ரீவீலுலேயே ஏறிப் பறந்துட்டாருங்க!"