மூன்று சாட்சி சொன்ன கொம்பியூட்டர்

டயகம,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

என் கூடப் பிறந்த தம்பி அழகுமுத்துவுக்கு அக்காள் மாரியாயி எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம். உன் சுகத்தையும் உன் பொஞ்சாதி நாகலெட்சுமியின் சுகத்தையும் கேட்பது கடிதத்துக்கு முறை என்பதால் கேட்கிறேன், வேறு எண்ணம் கிடையாது. உன்னோடு ஆயுசுக்கும் பேச மாட்டேன் என்று ஆவணியில் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியவள் எப்படிக் கடிதம் போடுகிறாள் என்று நீ யோசிப்பாய். பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன், எழுத மாட்டேன் என்று பண்ணவில்லை. மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தது இதற்காவது உதவட்டும். எழுத்து கோணலாக இருந்தால் அது படிப்புக் குறைவால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்லி முடிக்கிற அவசரம், அவ்வளவுதான்.

முதலில் இருந்தே சொல்கிறேன், எனக்கு எதுவும் மறக்காது என்பது உனக்குத் தெரியும். பேத்தி சுலக்ஷனாவின் கல்யாணத்தில், மண்டப வாசலில், என்னை விட்டுவிட்டுச் செத்துப்போன உன் மச்சானின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அதற்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நான் மேடையில் பொண்ணுக்குப் பக்கத்தில் நின்றதால் வாசலைப் பார்க்க முடியவில்லை. பிறகு வீடியோக்காரத் தம்பி, மூக்குத்திக் கல்லை எண்ணலாம் போல அவ்வளவு பெரிய படமாக எடுத்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். பேரன் நிரஞ்சன் யாரோ பாவித்த பழசை வாங்கி வைத்திருக்கிறானே ஒரு கொம்பியூட்டர், அதில் போட்டோம். லயத்து வரிசை வீடுகளின் சனம் பாதி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. படம் ஓடவில்லை, நொண்டியது. பெட்டி, தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெசின் மாதிரி இரைந்தது. மேளம் அடித்து ஓய்ந்த பிறகுதான் மாப்பிள்ளையின் கை தாலியோடு கழுத்துக்குப் போனது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் நீ வந்தாய். வாசலில் நின்றாய், உன் மச்சான் படத்தைப் பார்த்தாய், அவ்வளவுதான். அடுத்த பார்வையில் நீ பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கிறாய். பூவும் இல்லை, கும்பிடும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ இறம்பொடைக்குப் போகும் முன்னால் இங்கே பக்கத்து லயத்தில் இருந்தபோது உன் ஆடு அவருடைய போஞ்சிக்காய்ப் பாத்தியை மொட்டையடித்ததும், அவர் கேட்டதற்கு நீ "ஆட்டுக்கு எல்லை தெரியுமா மச்சான்?" என்று பல்லைக் காட்டியதும், அதோடு இரண்டு பேரும் முகம் பார்க்காமல் போனதும், அவர் கருமாதிக்கு வந்த நீ கை நனைக்காமல் பஸ் ஏறியதும் வரிசையாக நெஞ்சில் வந்து நின்றன. எல்லாம் நேற்று நடந்த மாதிரி. உடனே போன் போட்டு, ஏன்டா அவரைக் கும்பிடவில்லை என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "வீடியோவுல இல்லன்னா இல்லதான்க்கா." சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். நான் போய்ச் சூடத்தை அணைத்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் தலைவர் முத்துலிங்கம் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். உனக்கு அரசாங்கம் கொடுத்த புது வீட்டின் சாவியை நீ சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாயாம், கூடப் பிறந்தவள் வந்து பால் காய்ச்சாமல் திறக்க மாட்டேன் என்று நிற்கிறாயாம். உன் லயத்துக் கூரை ஒழுகுகிறதாம், சட்டி பானையைப் பரப்பி வைத்துவிட்டு அதற்கு நடுவில் படுத்திருக்கிறீர்களாம். இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் பால் காய்ச்ச முடியாது, தையில் லயத்தை இடிக்க ஆள் வருகிறது என்றார். அவர் என்னிடம் கெஞ்சவில்லை, "தம்பி கும்பிடாதத நீங்க கண்ணால பார்த்தீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். நீங்களும் பாருங்கள் என்று அவரை உட்கார வைத்து, பிரேமினியைக் கூப்பிட்டு வீடியோவைப் போடச் சொன்னேன். பிரேமினி யார் என்று உனக்குத் தெரியும், நிரஞ்சனின் பொஞ்சாதி. அக்கரப்பத்தனையில் போன், கொம்பியூட்டர் பார்க்கிற கொமினிகேசன் கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கு ரசம் வைக்கத் தெரியாது, அது வேறு கதை.

தம்பி, இந்தத் தரம் நீ வாசலில் இல்லவே இல்லை! ஒரு நாய் வருகிறது, படம் நிற்கிறது, பெட்டி இரைகிறது, நீ அப்பளம் நொறுக்குகிறாய். திருப்பிப் போடச் சொன்னேன். மூன்றாம் தரம் நாயும் இல்லை, உன் முதுகு மட்டும் மண்டபத்துக்குள் போகிறது. ஒரே கல்யாணம், ஒரே வாசல், மூன்று கதை. முத்துலிங்கம் தாடையைத் தடவிக்கொண்டு, "அக்கா, இந்தச் சாட்சிய வச்சு ஒரு கோழித் திருட்டக்கூடத் தீர்க்க ஏலாது" என்றார்.

பிரேமினி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டதாம். ஏதேதோ எழுத்தை வரிசையாகத் தட்டினாள், உதட்டைக் கடித்தாள், பிறகு சொன்னாள்: "அப்பாயி, இதுக்குள்ள வீடியோ ஓட்டுறதுக்குன்னே தனியா ஒரு சில்லு இருக்கு. அதுகிட்ட வேலை வாங்க ஒரு டிரைவர் ஃபைல் வேணும். நம்ம சில்லு பழசு, அதுக்குப் பழைய ஃபைலத்தான் தெரியும். அப்டேட் வந்தப்ப அத எடுத்துட்டுப் புதுசு வந்து ஒக்காந்திருக்கு." அப்டேட்டை விட்டது யார் என்று கேட்டேன். நிரஞ்சன்தானாம். அது கேட்டதற்கெல்லாம் என்ன ஏது என்று படிக்காமல் 'சரி, சரி' என்று அமுக்கியிருக்கிறான். அவன் கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் அப்படித்தான்.

எனக்கு விசயம் உடனே பிடிபட்டது. பழைய கங்காணிக்கு மலையும் தெரியும், ஆளும் தெரியும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதுசாக ஒருத்தரைக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நிறுத்தினால், அவர் கூப்பிடுகிற பேருக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். கொழுந்தெடுக்கிறவர்கள் கூடையோடு சும்மா நிற்க, துரையே மலையில் இறங்கிக் கொழுந்து பறித்தால் எப்படி இருக்கும்? அதுதான் உள்ளே நடந்திருக்கிறது. பெட்டியின் பெரிய மூளை அந்தச் சில்லின் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கியிருக்கிறது.

"அப்ப பறிக்க முடியாத கொழுந்து என்னடி ஆகும்?" என்று கேட்டேன்.

"நேரத்துக்கு எட்டாத படத்தக் கீழ விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவிரும் அப்பாயி. ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு எடத்துல விடும்."

விட்டதைப் பற்றி நம்மிடம் மூச்சுக்கூட விடாதாம்! பார்த்ததை மறக்கிற மனுசரை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் மாமியார் அந்த ரகம்தான். மறந்ததை மறைத்துக்கொண்டு எல்லாம் பார்த்த மாதிரி கதை சொல்கிற சாமானை இப்போதுதான் பார்க்கிறேன். இதை நம்பியா நான் சூடத்தை அணைத்தேன்?

பிரேமினி கடைக்குப் போய் ஒரு சின்னக் குச்சியில் எதையோ ஏற்றிக்கொண்டு வந்து போட்டாள். முத்துலிங்கம் நகராமல் இருந்தார், மூன்றாவது தேத்தண்ணியும் குடித்தார். முதலில் போட்டது தப்பான ஃபைல் போலிருக்கிறது, படம் வந்தது, கல்யாணமே பச்சை! சுலக்ஷனா பச்சை, மாப்பிள்ளை பச்சை, குருக்கள் பச்சை, உன் மச்சான் பாசி பிடித்த கல் மாதிரி மாலையோடு இருக்கிறார். "ஏண்டி, எல்லாரையும் தேயிலையோட சேர்த்து நட்டுட்டியா?" என்று கத்திவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, இந்தச் சில்லுக்கென்றே உள்ள பழைய ஃபைலைத் தேடிப் போட்டாள். இனிமேல் எந்த அப்டேட் வந்தாலும், நிரஞ்சன் எத்தனை 'சரி' அமுக்கினாலும் இதை அசைக்க முடியாதபடி பூட்டிவிட்டேன் என்றாள்.

வீடியோவைப் போட்டதும் பெட்டியில் சத்தமே இல்லை. செத்துப்போய்விட்டதோ என்று நான் மேலே கை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. மேளம் அடிக்கும்போதே தாலி ஏறியது. நாய் வந்தது, போனது. பிறகு நீ வந்தாய்.

செருப்பைக் கழற்றினாய். தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்தாய். பூவை எடுத்தாய், ஆனால் வைக்கவில்லை. படத்தின் கண்ணாடியில் பூசியிருந்த சந்தனம் வழிந்து உன் மச்சானின் கண்ணை மறைத்திருந்தது. அந்த மப்ளரின் நுனியால் துடைத்தாய். இரண்டு கண்ணும் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாய். பிறகுதான் பூவை வைத்தாய். உன் வாய் அசைந்தது, என்ன சொன்னாய் என்று மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரிதான் துடைத்தாய். முத்துலிங்கம் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் பார்த்துவிட்டு நான் உருகி ஓடி வருவேன் என்று நினைக்காதே. குற்றம் உன்னுடையதுதான். நான் கேட்டபோது "தொடச்சேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வாயிலிருக்கிற முத்து கொட்டிவிடுமா? ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் ஒழுகுகிற கூரைக்குக் கீழே ரோசத்தோடு படுத்திருந்தாயே, அது என்னைப் பழிவாங்கத்தானே? கருமாதிக்குக் கை நனைக்காமல் போனது எந்த ஃபைலைப் போட்டாலும் மாறாது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் சூடம் அணைத்துச் சொன்ன சொல், எடுத்துவிட்டுத் திருப்பிப் போடுகிற சாமானும் இல்லை. லயமே கேட்கச் சொல்லியிருக்கிறேன், உன் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பாலை உன் பொஞ்சாதியே காய்ச்சட்டும். அவள் உங்கள் கல்யாணத்தன்றே பாலை அடிபிடிக்க விட்டவள், அதன் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், வேன் அனுப்பவும் வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். நோய்நொடி இல்லாமல் புது வீட்டில் நிறைந்து வாழட்டும். அந்த ஆட்டுக்கும் அதன் வம்சத்துக்கும் மட்டும் ஆசீர்வாதம் கிடையாது.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்காள்,
மாரியாயி

பின்குறிப்பு: மறந்துபோய்க் கீழே எழுதுகிறேன் என்று நினைக்காதே, தாளில் இடம் மிச்சம் இருக்கிறது. இதைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் இறம்பொடைக்கு வந்து சேராது என்கிறார்கள். அதனால் நானே கையில் கொண்டு வருகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை முத்துலிங்கம் சொல்லுவார், அவரையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், தாண்டிக்கொள்வேன். நீ இதைப் படிக்கும்போது நான் உன் புது அடுப்பில் பாலுக்குப் பக்கத்தில் நிற்பேன், பொங்கி வழிகிற வரைக்கும் யாரும் கிட்டே வரக் கூடாது, முக்கியமாக நாகலெட்சுமி. உன் மச்சான் பாத்தியில் காய்த்த போஞ்சி ஒரு பை நிறைய வாசலில் வைத்திருக்கிறேன். படித்தது போதும், எழுந்து போய் முதலில் ஆட்டைக் கட்டு.