மூடி அண்ணனின் மோமோ கடை

தம்பானூரில் பசியோடு வந்தவனைத் திட்டியே பிழைத்தவர் மூடி அண்ணன் ஒருவர்தான்.

காலிம்போங் மலைக்காரர். ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் மோமோ கடை. கட்டடம் ஒரு ஐயர் சாமியுடையது. அதனால் கறி கிடையாது, கோஸ்தான். மனைவி மாவு தேய்ப்பார். இரண்டு பெண்களும் மடிப்பார்கள். அண்ணன் ஆவிப் பாத்திரத்தின் மூடிமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. பேர் அப்படி வந்தது.

என் ஆட்டோ எதிரே நிற்கும். எல்லாம் பார்ப்பேன். ஒருவன் கொழுக்கட்டை என்றான். தட்டைப் பிடுங்கிவிட்டார். பார்சல் கேட்டவன் பாடு அதைவிட மோசம். ஆறினால் தோல் தடித்துப்போகுமாம். தரவே மாட்டார்.

ஒரு நாள் மதியம் கட்டட ஓனர் வந்தார். ஸ்ரீவராகத்தில் வீடுள்ள அந்தச் சாமி. வாடகைக் காலம் முடிகிற மாதம். மொபைல் கடைக்காரன் ஒருவன் அந்த இடத்துக்கு அலைந்துகொண்டிருந்தான். கடை போனால் பின்னாலிருக்கும் வீடும் போகும். பெண்களின் பள்ளிக்கூடமும் போகும்.

“மாமிக்கு முட்டு வலியாக்கும், இங்கே வர முடியாது. உள்ளி போடாமெ ஒரு பார்சல் கெட்டு.”

“உள்ளி போடாமெ தரும் சார். பார்சல் இல்லா.”

மனைவியின் கை நின்றது. நான் வாயிலிருந்த டீயை விழுங்கவில்லை.

“ஓனருக்குமா இல்லை?”

“ஆருக்கும் இல்லா.”

“அப்போ மொபைல்காரனை நாளைக்கு வரச் சொல்றேன்.” போய்விட்டார்.

“அண்ணே, ஒரு நாள் கெட்டிக் குடுத்தா என்னவாம்?” என்றேன்.

“ஆறினா அந்த அம்மா பல்லு போகும். வண்டி எடு.”

வெங்காயம் இல்லாமல் புதிதாக மடிக்க வைத்தார். பச்சை மோமோவை அடுக்கி, பாத்திரத்தை மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார். ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் எனக்குத் திட்டு.

ஓனர் வீட்டுக் கதவைத் திறந்தது மாமி. “அம்மா, அடுப்பு” என்று அண்ணன் நேரே உள்ளே நடந்தார். ஓனர் ஓடி வந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் கொதித்தது. ஓனரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. போலீசைக் கூப்பிடுவாரோ என்று எனக்கு.

மணம் வந்தது. ஓனர் மூடியில் கை வைத்தார்.

பட்டென்று ஓர் அடி. ஓனர் கையில்.

தீர்ந்தது என்று செருப்பைத் தேடினேன்.

மாமி சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கல்யாணம் ஆனதிலேருந்து இந்தக் கையைத் தட்டணும்னு நானாக்கும் நெனைச்சிண்டிருக்கேன்!”

அண்ணன் திறந்தார். மாமி ஒன்று தின்றார். ஊதி ஊதி இன்னொன்று.

“மொபைல்காரனை வரவேண்டாம்னு சொல்லுங்கோ. மொபைலைத் திங்க முடியுமா?”

ஓனர் கையைத் தடவிக்கொண்டார். “செரி, சொல்றேன். எனக்கும் ஒண்ணு வை.”

திரும்பும்போது ஒரு குழிக்கும் அண்ணன் திட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினேன்.