சுவைஞரின் நாக்கும் தேவதாரு அலமாரியும்

அலமாரியின் மேல்தட்டையும் பிடித்துவிடுவது என்று அர்செனியோ அன்று காலை முடிவெடுத்தார்.

கீழ்த்தட்டு ஏற்கெனவே அவர் சுருட்டுகளுடையது. நடுத்தட்டு போன மழைக்காலத்தில் அவர் வசம் விழுந்தது. மிச்சம் மேல்தட்டு மட்டும். அங்கே அவர் மனைவி நெரெய்தாவின் கவுன்கள், தோற்றுப்போன படையின் கடைசி வீரர்களைப் போல ஒண்டிக்கொண்டிருந்தன.

அலமாரி கல்யாணத்தின்போது நெரெய்தா வீட்டிலிருந்து வந்தது. அசல் தேவதாரு. சுருட்டு படுத்துத் தூங்க அதைவிட நல்ல தொட்டில் கிடையாது என்று புகையிலைக்குப் பேர்போன அந்தக் கியூபா ஊரில், பினார் தெல் ரியோவில், கைக்குழந்தைகூடச் சொல்லும்.

அர்செனியோ பிழைப்புக்கு முடிவெட்டினார். மற்றபடி அவர் சுருட்டுச் சுவைஞர். தன் சவரக்கத்தியைவிடத் தன் நாக்கு கூர்மை என்று அவரே சொல்லிக்கொள்வார். கழுத்து வரை துணி சுற்றி உட்கார்ந்திருப்பவன், தொண்டையருகே கத்தி இருக்கும்போது, மறுத்துப் பேசவா முடியும்?

"இந்தக் குட்டைச் சுருட்டு இருக்கே, பத்தவச்ச உடனே மிளகு. அப்புறம் மழை பெஞ்ச மண்ணு. இதோ இந்த நெட்டை, எடுத்த எடுப்புல தேன். பாதியில பழைய குதிரைச் சேணம்."

"சேணத்தை எப்ப நக்கிப் பாத்தே, வாத்தியாரே?"

"ஆடாம உக்காருடா, காது போயிடும். இந்தக் கறுப்புச் சுருட்டு முதல்ல கொக்கோ. நடுவுல வறுத்த கொட்டை. முடியறப்ப எங்கிருந்தோ ஒரு ஊதாப்பூ வாசனை. ஆகா! அந்த இலை வெளஞ்ச மண்ணுல ஊதாப்பூ பூத்திருக்கணும்."

அன்று மாலை வீட்டிலும் இதையே சொன்னார். நெரெய்தா பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மண்ணுமில்ல, பூவுமில்ல. அது என் கவுனுக்கு நான் தெளிக்கற வாசனைத் தண்ணி. என் கவுன்லதான் உன் சுருட்டு நாத்தம்னு நெனச்சேன். சுருட்டுலயும் என் கவுன் வாசனை ஏறிடுச்சா? ரொம்பச் சந்தோஷம், கிழவா."

நெரெய்தா சுருட்டு ஆலையில் இருபது வருஷமாக உருட்டுகிறவள். வீட்டில் சுருட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது மட்டும் அவர் இலாகா.

"அதனாலதான் சொல்றேன், என் உசிரே. மேல்தட்டையும் எனக்கு விட்டுடு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது."

"அக்கா மகளுக்குப் பதினஞ்சு வயசு விருந்து வருது. ஊரே கூடும். நான் என்ன, புகையிலைக் கிடங்கு மாதிரி மணத்துக்கிட்டு வால்ட்ஸ் ஆடணுமா?"

பெரிய சண்டைக்கு அர்செனியோ தயாரானார். ஆனால் நெரெய்தா கரண்டியைக் கீழே வைத்தாள். ரொம்பச் சாந்தமாகப் பேசினாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி. நீ நெஜமான சுவைஞர்னா முழு அலமாரியும் எடுத்துக்கோ. ஆனா எங்க ஆலையில சுவைஞர்ங்க இருக்கற மாதிரி இருக்கணும். ஒரு சுருட்டுக்கும் அடுத்த சுருட்டுக்கும் நடுவுல, சர்க்கரை போடாத டீ. வேற எதுவும் நாக்குல படக்கூடாது. காப்பி, ரம், பூண்டு, எதுவுமே."

"சாப்பாடு?"

"உசிரோட இருக்கணுமே, அதுக்குக் கொஞ்சம் வெறுஞ்சோறு. விருந்து வரைக்கும் தாக்குப் பிடி. ஒரு தடவை தவறினாலும் அலமாரி முழுக்க எனக்கு."

அர்செனியோ துள்ளினார். "இவ்வளவுதானா!"

தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே ஒரு சுருட்டு பிடிப்பது அவர் வழக்கம். ஆகவே ஒரு சுருட்டுக்கும் அடுத்த சுருட்டுக்கும் நடுவில் இருந்தது அவருடைய வாழ்க்கை மொத்தமும்.

மறுநாள் கடையில் டீக் கோப்பையோடு உட்கார்ந்தார். அந்த ஊரில் டீ குடிப்பவன் ஒன்று வயிற்றுப்போக்குக்காரன், இல்லையென்றால் சாகக் கிடப்பவன்.

"என்ன வாத்தியாரே, வயிறா?"

"சுவைப் பயிற்சி."

"ஓ, அப்படிச் சொல்லிக்கறாங்களா இப்பல்லாம்? நான் முடியை அடுத்த வாரம் வெட்டிக்கறேன்."

இப்படியே நாலு தலைகள் நழுவின. பக்கத்து வீட்டு ஒந்தீனா, பாவம், சுவருக்கு மேலாக வழக்கம்போலக் காப்பி நீட்டினாள். அவர் தலையாட்டி மறுத்தார். அரை மணி நேரத்தில் அவள் கோழிச்சாறோடு வந்து, "பாதிரியார்கிட்ட சொல்லணுமா?" என்று நெரெய்தாவின் காதைக் கடித்தாள்.

வீட்டில் நெரெய்தா பூண்டை அள்ளிப் போட்டுப் பன்றி வறுத்தாள். அவருக்குத் தனியாக வெள்ளைச் சோறு. அது தட்டில் ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி கிடந்தது.

"ஒரே ஒரு துண்டு, என் உசிரே."

"தாராளமா. அலமாரிச் சாவியை வச்சிட்டு எடுத்துக்கோ."

எடுக்கவில்லை. அர்செனியோ இரும்பு மனிதர். ஆனால் நாளாக ஆக அவர் சுவைக் குறிப்புகள் மாறின. குட்டைச் சுருட்டில் பூண்டு தெரிந்தது. நெட்டையில் ரம். கறுப்பில் காப்பி, காப்பி, காப்பி.

விருந்துக்கு முந்தின நாள் விடியற்காலை இரும்பு உருகியது. அடுப்பில் காப்பிக் கெண்டி சீறியது. அந்தச் சத்தம் தன் பெயரைச் சொல்வதாக அவருக்குப் பட்டது. கோப்பை தேடவில்லை. கெண்டியின் மூக்கை அப்படியே வாயில் வைத்து உறிஞ்சினார். உதடு வெந்தது. நிறுத்தவில்லை.

"சூடா இருக்கா, கிழவா?" வாசற்படியில் நெரெய்தா.

அரை மணியில் அலமாரி கைமாறியது. மூன்று தட்டிலும் கவுன்கள் அகலமாக மூச்சுவிட்டன. சுருட்டுகள் எல்லாம் வெங்காயப் பெட்டிக்குக் குடிபோயின.

தோற்றவரின் கௌரவத்தோடு அர்செனியோ கடை திறந்தார். முதல் வாடிக்கையாளர் கசிமீரோ. ஆலையின் தலைமைச் சுவைஞர். வாயைத் திறந்தார். பூண்டு. அதன் பின்னால் காப்பி. அதற்கும் பின்னால், நேற்றைய ரம்.

அர்செனியோவின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"கசிமீரோ... டீ? சர்க்கரை போடாத டீ?"

"அதுவா? காலையில மேசையில உக்காந்து மூணு சுருட்டை ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா இழுப்போம். முன்னது ருசி பின்னதுல ஒட்டக்கூடாதே? நடுவுல ஒரு மடக்கு டீ. ஒரு மணி நேர வேலை. முடிச்சதும் நேரா காப்பிக்குத்தான் ஓட்டம். ஏன் கேக்கறே?"

"வீட்ல?"

"வீட்ல என்ன? மனுஷன் சாப்பிடறதெல்லாம் சாப்பிடுவேன். எல்லா நேரமும் டீ குடிக்க நான் என்ன நோயாளியா?"

பாதித் தலையோடு கசிமீரோவை விட்டுவிட்டு அர்செனியோ வீட்டுக்கு ஓடினார். வழி நெடுக வசனம் ஒத்திகை பார்த்தார். மோசடி! துரோகம்! அலமாரியைத் திருப்பிக் கொடு!

நெரெய்தா பால்கனியில் இருந்தாள். அவருடைய ஆடும் நாற்காலியில். ஒரு கையில் காப்பி. மறு கையில் அவருடைய கறுப்புச் சுருட்டு, கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்று, பாதி எரிந்திருந்தது.

"கசிமீரோவைப் பாத்தேன்!" என்றார் மூச்சு வாங்க.

அவள் அவசரப்படவில்லை. அவர் செய்வது போலவே ஒரு கண்ணை மூடினாள். புகையை வாயில் உருட்டினாள். பிறகு அச்சு அசலாக அவர் குரலிலேயே சொன்னாள்:

"எடுத்த எடுப்புல கொக்கோ. நடுவுல வறுத்த காப்பிக்கொட்டை. முடியறப்ப எங்கிருந்தோ... லேசா, ஏமாந்த புருஷன் வாசனை."