ஒற்றைக்காசு செல்லாது

திருவிதாங்கூர் மகாராஜாவின் நாணயசாலையை விட்டால், காசுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் இந்தப் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் திங்கள்சந்தையில் ஒரு புளியமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். ஊரில் எல்லாருக்கும் அவர் 'பலகை'.

பலகை என்றால் சக்கரப் பலகை. இதை விளக்காமல் மேலே போனால் வாசகர்கள் கடிதம் எழுதுவீர்கள். போன தடவை ஒன்பது பேர் எழுதினீர்கள். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய ஆண்டுகள். அன்று எங்கள் பக்கம் இரண்டு அரசாங்கத்துக் காசும் புழங்கின. எங்கள் மகாராஜாவின் கணக்கில் பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். வெள்ளைக்காரனின் ரூபாயோ அணாவும் தம்பிடியுமாக வேறு கணக்கு. அவனுடைய ஒரு ரூபாய் எங்களுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை நினைத்தால் எழுபத்துநாலு வயதிலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இருபத்தெட்டு என்று வைத்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

அந்தக் காசை இந்தக் காசாக மாற்றிக் கொடுத்து, தன் கூலிக்கு இரண்டு காசு பிடித்துக்கொள்வது பலகையின் தொழில். அவருடைய தகப்பனார் காலத்தில் சக்கரம் வெள்ளியில் இருந்தது. மிளகைத் தட்டையாக்கியது போல அவ்வளவு சின்னது. விரலால் எண்ண முடியாது. அதற்காகக் குழி குழியாகத் தோண்டிய பலகை ஒன்று வைத்திருப்பார்கள். காசை அள்ளிப் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. வெள்ளிச் சக்கரம் போய்ச் செப்புச் சக்கரம் வந்தபோது அது எந்தக் குழிக்குள்ளும் அடங்கவில்லை. ஆனாலும் இவர் பலகையைக் கைவிடவில்லை. வெயிலுக்கு விசிறி, மழைக்குக் குடை, மதியத்துக்குத் தலையணை, நாய்க்கு ஆயுதம். குழிகள் பத்துக்குப் பத்து, நூறு. நானே எண்ணினேன்.

காசை அதன் பெயரால் அவர் அழைத்ததே இல்லை. கொண்டை போட்ட ராணி உள்ள ரூபாய் 'கொண்டைக்காரி'. அவள் மகனுக்கு நாணயத்தில் கிரீடம் இல்லை, வழுக்கைத் தலை, அது 'மொட்டையன்'. பேரனுடையது 'தாடிக்காரன்'. சந்தையில் மாடு விற்றவன்கூட, "ரண்டு கொண்டைக்காரியும் ஒரு மொட்டையனும் கிட்டிச்சு" என்றுதான் வீட்டில் சொல்வான். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் பயந்துபோனதாகக் கேள்வி.

ஒருநாள், மாற்றலாகி வந்த ஹெட் கான்ஸ்டபிள் ஒரு ரூபாயை நீட்டினார். பலகை அதைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"மொட்டையனாக்கும். சத்தம் கொள்ளாம், நல்ல வெள்ளி."

"யாருவே மொட்டையன்? சக்கரவர்த்தியையா சொல்லுதீரு? உள்ள தூக்கி வச்சிடுவேன்!"

"நான் சொல்லல்லை ஏமானே. அடிச்சவன் சொல்லியிருக்கான். தலையில ஒரு முடியாவது உண்டான்னு நீங்களே பாத்துச் சொல்லணும்."

கான்ஸ்டபிள் ரூபாயை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். யோசனையில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அன்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுவதும் அவருக்கும் அதே பெயர்.

காசுக்கு ஆள் பெயர் வைத்தவர், ஆட்களுக்குக் காசுப் பெயர் வைக்காமல் விடுவாரா? ஊதிப் பெருத்த ஜவுளிக்கடைக்காரர் 'அரைச்சக்கரம்'. "பாத்தா பெருசு, உள்ளது பாதி." எங்கள் போதகர் பழைய ராணி ரூபாய், தூக்கிப் போட்டால் மணி போலச் சத்தம். வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என்னைத் 'தம்பிடி' என்றார். பன்னிரண்டு தம்பிடி சேர்ந்தால்தான் ஓரணா. நான் காரணம் கேட்டேன்.

"அதைத்தானே நீ எப்பளும் எண்ணிட்டிருக்க!"

இதையெல்லாம் மன்னித்திருப்பேன். என் அக்காவுக்கு வைத்த பெயரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அக்கா பாக்கியம் பெண்கள் பள்ளியில் டீச்சர். இருபத்தாறு வயது, நாலடி பத்தங்குலம். அவளுக்குப் பலகை வைத்த பெயர் 'ஒற்றைக்காசு'. மகாராஜாவின் காசுகளிலேயே கடைசி. அதற்குக் கீழே சில்லறையே கிடையாது. அம்மா அழுதாள். அக்கா மட்டும், "சொல்லிட்டுப் போட்டும்" என்று சிரித்தாள். சந்தையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவளுக்கு வந்த முதல் இரண்டு வரன்களை அவளே தட்டிவிட்டாள். மூன்றாவது, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஞானதாஸ் என்ற கம்பவுண்டர். எங்கள் சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு குழந்தை விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, அவர் தன் சொந்தக் குடையைப் பிய்த்து அந்தக் கம்பியை வைத்துக் கட்டுப் போட்டதை அக்கா பார்த்திருந்தாள். வரன் வந்ததும், "இது நடந்தா கொள்ளாம்" என்றாள். மற்றப் பெண்கள் நாலு நாள் பாட்டுப் பாடித் திரிவதற்குச் சமம் அது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு திங்கட்கிழமை விசாரிக்க வந்தார். நேராக நெய்யூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். சந்தையில் இறங்கி, "பாக்கியம் டீச்சர் வீடு எது?" என்று கேட்டுவிட்டார்.

நாலு பக்கத்திலிருந்து நாலு பேர். "ஆரு, ஒற்றைக்காசா?"

வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். வியாழக்கிழமை கடிதம் வந்தது, பன்னிரண்டு வரி. ஊரே ஒற்றைக்காசு என்று விலை போட்ட பெண்ணை எடுக்கும் அளவுக்குத் தங்கள் குடும்பம் தாழ்ந்துவிடவில்லையாம். அக்கா அதை எட்டாக மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அன்று அவள் திருத்திய சிலேட்டுகளை நான் பார்த்தேன். நாற்பத்தொரு பிள்ளைகள். ஒரு கணக்குக்கும் தப்புப் போடவில்லை. அவளுக்குச் சிலேட்டே தெரிந்திருக்காது.

நான் புளியமரத்தடிக்கு ஓடினேன்.

"ஓய், உமக்க வாயாலதான் எனக்க அக்காவுக்க கல்யாணம் முடங்கிப் போச்சு! அந்தப் பேரைத் திருப்பி எடும்!"

நடந்ததைக் கேட்டதும் பலகையின் முகம் சுருங்கிவிட்டது. கையிலிருந்த சில்லறையைக் கீழே வைத்தார்.

"விலையா? நான் விலையா போட்டேன்?"

"பின்ன என்ன?"

அவர் குழிப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு காசு செல்லாதுன்னா சர்க்கார் என்ன செய்யும் தம்பிடி?" என்றார்.

"தமுக்கடிக்கும்."

"அப்போ அப்படித்தான் எடுக்கணும். சும்மா எடுத்தா சனம் விடாது, கேட்டியா?"

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று வந்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை, சந்தை நிரம்பி வழிந்த நேரம், தமுக்கு முழங்கியது. முன்னால் தமுக்குக்காரர், பின்னால் பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இவர்.

"இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நெய்யூர் பாக்கியம் டீச்சருக்கு வழங்கிவந்த ஒற்றைக்காசு என்ற பெயர் இன்று முதல் செல்லாது! மீறிச் சொல்லுகிறவனுக்குப் பலகையிடத்தில் சில்லறை கிடையாது!"

ஏழு இடத்தில் நின்று முழங்கினார்கள். அதுவரை அந்தப் பெயர் சந்தைக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். இப்போது முட்டத்து மீன்காரிகளுக்குத் தெரிந்தது. இனயத்துக் கருவாட்டு வியாபாரிகளுக்குத் தெரிந்தது.

"ஏட்டி, ஆருட்டி அந்த ஒற்றைக்காசு?"

"தெரியாதே. எப்படி இருப்பாளோ! வா, போய்ப் பாத்துட்டு வரலாம்."

உண்மையாகவே மூன்று பேர் மீன்கூடையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். இந்த ஜென்மத்தில் இனி இவளுக்குக் கல்யாணம் இல்லை என்று நான் முடிவு கட்டினேன்.

மறுவாரம் பலகையோடு சண்டை போடத் தயாராகப் போனேன். சொல்ல வேண்டியவை பதினான்கு. மூன்றாவதில் இருந்தபோது, நெடிதுயர்ந்த ஓர் ஆள் வந்து சாக்கின் முன்னால் நின்றார். கையில் கம்பி குறைந்த குடை. ஞானதாஸ்.

"தமுக்குச் சத்தம் மார்த்தாண்டம் வரைக்கும் வந்துட்டு," என்றார் பலகையிடம். "மாமன் சொன்னதைக் கேட்டாச்சு. பேரு வச்ச ஆளுகிட்ட கேக்கல்லை. ஏன் அப்படி வச்சீரு?"

பலகை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குழிப் பலகையைத் திருப்பிக் காட்டினார். மூலையில் ஒரு குழியைக் கத்தியால் அகலப்படுத்தி, அதில் ஒரு செப்புக்காசு பதித்திருந்தது. குழிகளை எண்ணிய எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

"அந்தப் பிள்ளை மொதல் சம்பளத்தில ஒரு ரூபா மாத்த வந்தா. இருபத்தெட்டுச் சக்கரமும் ஆறு காசும் எண்ணிக் குடுத்தேன். நல்ல மழை. வீடு வரைக்கும் போயிட்டு, திரும்ப ஒரு மைல் நனைஞ்சுட்டு வந்து நிக்கியா. 'ஏழு காசு இருக்கு அண்ணாச்சி, ஒண்ணு உமக்குள்ளது'ன்னா. எனக்கு எண்ணிக்கை தப்பாது, எடுத்துட்டுப் போம்மான்னேன். அவ கேக்கல்லை. எடு, மாட்டேன், எடு, மாட்டேன்னு அரைமணி நேரம் சண்டை. கடைசியில சாக்குமேல வச்சிட்டு ஒரே ஓட்டம்."

"மழையிலயா?"

"மழையில. குடையும் இல்ல. நாப்பது வருசமா காசு மாத்துதேன். ஒற்றைக்காசைத் திருப்பித் தர வந்தது அவ ஒருத்தி. அதுக்குத்தான் அந்தப் பேரு. விலை இல்ல பிள்ளே."

அன்று நனைந்து வந்த அக்கா, "ஒண்ணை மறந்துட்டேன், எடுக்கப் போனேன்" என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

ஞானதாஸ் அந்தக் காசை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீடு எங்கே?" என்றார். தம்பி என்றால் கூட்டிக்கொண்டு போக வேண்டாமா? என் வாயிலிருந்து வந்தது, "இங்கிருந்து இரண்டாயிரத்து நூற்றுப் பத்து எட்டு."

"ஒண்ணுகூடக் குறைக்க மாட்டேன். வாரும்," என்று அவர் நடக்க ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்குத் தாய்மாமனும் வந்தார். விருந்தில் மூன்று தடவை பாயசம் வாங்கினார். பலகை கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, வெளுத்த வேட்டியில் யாரோ போல இருந்தார். அக்கா தானே போய் அவருக்குப் பரிமாறினாள்.

அதன்பின் பொது இடத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. 'பாக்கியம் டீச்சர்' என்று கல்லைக் கடிப்பது போலச் சொல்வார். ஆனால் சந்தை கலைந்து நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, பைய என் பக்கம் குனிவார்.

"ஒற்றைக்காசு சொகமா இருக்காளா?"

"அது செல்லாதுன்னு நீர்தானே தமுக்கடிச்சீரு?"

"சந்தையிலதான் செல்லாது தம்பிடி. எனக்கிட்ட செல்லும்."