கூரையிலிருந்து குதித்தவர்

"டெல், டிவிக்குப் பின்னால என்ன பண்ற?"

"தூசி தட்டுறேன்."

கல்யாணமான நாள் முதல் டெல்பர்ட் அந்த வீட்டில் தூசி தட்டியதே கிடையாது. அவர் கையில் அப்போது இருந்தது செடி வெட்டும் கத்தரி. மனைவி ஆர்லீன் சமையலறைக்குத் திரும்பியதும் கேபிள் வயரை நறுக்கென்று வெட்டினார்.

ஐந்தே நிமிஷத்தில் ஆர்லீன் கத்தினாள். "டெல், படம் போச்சு!"

"அணில் கடிச்சிருக்கும். நம்ம பர்பேங்க் ஊரு அணிலுங்க ரொம்ப மோசம்."

வம்பு போன வாரம் ஆரம்பித்தது. டெல்பர்ட் வாலிபத்தில் ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது எடுத்த கவ்பாய் தொடரை, புதிய ஹெச்டி சேனல் ஒன்று தினமும் காட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் புகைமூட்டமாகத் தெரிந்த படம் இப்போது பளிச்சென்று இருந்தது.

"குதிரை மூக்குல உக்காந்திருக்கிற ஈகூடத் தெரியுது டெல்!" என்று ஆர்லீன் பூரித்துப்போனாள்.

ஈ தெரிந்தால் டெல்பர்ட்டுக்கு என்ன? பழைய டிவி சதுரம், புதியது அகலம். அத்தனை வருஷம் திரைக்கு வெளியே ஒளிந்திருந்த இரண்டு ஓரங்களும் இப்போது உள்ளே வந்துவிட்டன. நேற்று துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே, வலது ஓரத்தில் ஒருவன் நிம்மதியாக சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"அட, இது நம்ம லைட்மேன் கஸ்!" என்று ஆர்லீன் கைதட்டிச் சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை நீ குதிக்கிற கதை வருது. தெருவையே கூப்பிடப் போறேன்!"

டெல்பர்ட்டுக்கு அன்று சோறு தண்ணி இறங்கவில்லை.

காரணம், அவர் குதித்ததே இல்லை. கதாநாயகனுக்குப் பதிலாக மதுக்கடைக் கூரையிலிருந்து இடப்பக்கமாகப் பாய்ந்து திரையைவிட்டு மறைந்தது வேறொருவன். டெல்பர்ட் கீழே மெத்தை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் நடன மண்டபத்தில் ஓர் அழகான பெண் தானாகவே அவரிடம் வந்து, "உங்களுக்கு ஸ்டூடியோவுல என்ன வேலை?" என்று கேட்டாள். மெத்தை பிடிக்கிறேன் என்று எந்த வாலிபன்தான் சொல்வான்? "கூரையிலேருந்து குதிப்பேன்" என்றார். கண்ணை அகல விரித்துக் கேட்ட அந்தப் பெண்தான் ஆர்லீன்.

பொய்யைத் திரும்ப வாங்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பேரன் பேத்திகள் வந்தார்கள். அந்த நேரம் மட்டும் வரவில்லை. ஊரார் சிரித்தால் போகிறது. ஆர்லீன் தன்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டால் இந்த வயதில் எங்கே போவது என்றுதான் அவருக்குப் பயம்.

வயரை வெட்டிய மறுநாள் கேபிள் கம்பெனியிலிருந்து வாஹே வந்தான். ஆர்மீனியப் பையன், வாய் ஓயாதவன். வயரைப் பார்த்தான்.

"சார், இந்த அணில் கத்தரி வெச்சிருக்கு போல."

"சத்தம் போடாதே தம்பி. வேற வேலை ஒண்ணு பண்ணு. படத்தைப் பழையபடி சதுரமா வரவெச்சுடு. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல."

"பாவம் சார் அது! எண்பதுகள்ல வீடியோ டேப்புல எடுத்த நாடகத்தை என்ன தேய்ச்சாலும் தேறாது. இது அசல் ஃபிலிம். அன்னிக்கே எல்லாத்தையும் பாத்து வெச்சிருக்கு. நம்ம டிவிக்குத்தான் காட்டத் தெரியல. இப்ப நெகட்டிவ்வைப் புதுசா ஸ்கேன் பண்ணியிருக்காங்க. அதான் சொக்குது." ரிமோட்டை வாங்கி எதையோ அழுத்தினான். "உங்க டிவி படத்தோட ஓரத்தைச் சுத்திவர ஒரு விரக்கடை முழுங்கிக்கிட்டு இருந்துச்சு. அதையும் திறந்துவிட்டுட்டேன். காசு வேண்டாம்!"

ஆர்லீன் மகிழ்ந்துபோய் அவனையும் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டாள்.

கடைசி ஆயுதமாக, ஞாயிறு மத்தியானம் டெல்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் படுத்தார். வீட்டுக்காரர் முடியாமல் கிடந்தால் விருந்தாளிகள் திரும்பிப் போவார்கள் என்பது அவர் கணக்கு. நோயாளியைப் பார்க்க, அழைக்காதவர்களும் சேர்ந்து வந்தார்கள். பக்கத்து வீட்டு மில்ட்ரெட், சர்ச் ஆட்களையே திரட்டி, ஆளுக்கொரு தட்டு மக்ரோனியோடு வந்து இறங்கினாள். எல்லோருமாக டெல்பர்ட்டை சோபாவோடு தூக்கி டிவிக்கு நேர் எதிரே வைத்தார்கள்.

படம் ஆரம்பித்தது. மதுக்கடை தெரிந்தது. இனிமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

டெல்பர்ட் எழுந்து நின்றார். "ஆர்லீன், நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் குதிச்சது..."

"உக்காரு டெல். தலை மறைக்குது."

கூரையின்மேல் ஒருவன் ஓடினான், பாய்ந்தான். அந்தரத்தில் அவன் தொப்பி பறந்தது. இடது ஓரத்தில், யாரும் இதுவரை பார்க்காத இடத்தில், ஒரு மெத்தை. அதன் மூலையை இறுகப் பிடித்தபடி, பயத்தில் கண்ணை மூடி, பல்லைக் கடித்து நின்றார் வாலிப டெல்பர்ட். பல்லிடுக்குகூடத் தெரிந்தது.

யாரோ மக்ரோனி மெல்வதை நிறுத்தினார்கள்.

"அங்க நிக்கிறது டெல்பர்ட்டுன்னா," என்றாள் மில்ட்ரெட் மெதுவாக, "குதிச்சது யாரு?"

டெல்பர்ட் தரையைப் பார்த்தார். "அவன் பேரு நார்டன். நான் மெத்தைதான் பிடிச்சேன். ஒரு தடவைகூட நான் குதிச்சதில்ல ஆர்லீன். உன்னை ஏமாத்திட்டேன்."

ஓரக்கண்ணால் பார்த்தார். ஆர்லீனின் முகம் காதுவரை சிவந்திருந்தது. எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வாஹேதான் படத்தைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினான். திரைக்கு அருகே போய், வலது ஓரத்தில் கயிற்றுக்கு அப்பால் வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தின்மேல் விரலை வைத்தான்.

"இங்க எல்லாரும் குதிச்சவனைத்தான் வாயைப் பிளந்து பாக்குறாங்க, இந்தப் பச்சைச் சட்டைப் பொண்ணு மட்டும் மெத்தை பிடிச்ச சாரையே பாத்துக்கிட்டு நிக்குது... மேடம், இது நீங்கதானே?"