நூற்று முப்பத்தெட்டு சதவீதச் சாதனை

மனித குலத்தின் பெரும் சாதனைகள் எல்லாம் நூறு சதவீதத்தோடு களைத்துப்போய் நின்றுவிட்டன. எங்கள் 'கரைவிளக்கு நலச் சங்கம்' நிற்கவில்லை. 2009 செப்டம்பர் மாத அறிக்கையின்படி, மணவாளக்குறிச்சி சுற்றுவட்டாரக் கடற்கரையில் எச்.ஐ.வி. தடுப்புப் பணி சென்று சேர வேண்டியவர்கள் 412 பேர். நாங்கள் சென்று சேர்ந்தவர்கள் 569 பேர். நூற்று முப்பத்தெட்டு சதவீதம்.

இருக்கிறவர்களைவிட அதிகம் பேருக்கு எப்படி உதவினீர்கள் என்று மேலிடத்திலிருந்து போனில் கேட்டார்கள். எங்கள் இயக்குநர் சத்தியநேசன் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பதில் சொன்னார்.

"உழைப்பு சார்."

நான் சுபிதா, அந்தச் சங்கத்தின் தகவல் பதிவாளர். கணிதம் படித்தவள் என்பதால் 138 என்ற எண் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அறிக்கை தயாராகும் இடத்தில் கணிதத்துக்கு வேலை குறைவு, பணிவுக்குத்தான் அதிகம்.

சாதனையின் ரகசியத்தை இப்போது சொல்லலாம். அதன் பெயர் ஆன்றோ. விசைப்படகுத் தொழிலாளி. எங்கள் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வந்து டீ குடித்தார், ஒரு நபர். வீதி நாடகத்தைக் கடைசி வரை பார்த்தார், இரண்டாம் நபர். மண்டைக்காடு கோயில் கொடைவிழாவின்போது வெயில் தாங்காமல் எங்கள் அரங்குக்குள் ஒதுங்கினார், மூன்றாம் நபர். துண்டறிக்கை வாங்கியபோதும், அதை விசிறியாக்கிக்கொண்டு இன்னொன்று கேட்டபோதும் மேலும் பெருகினார். செப்டம்பர் அறிக்கைக்குள் ஒன்பது பேராகிவிட்டார். அதே கரையில் பணிபுரியும் 'புதுவிடியல்' சங்கத்தில் அவர் இன்னும் ஆறு பேர்.

"பிள்ளே, எனக்க பேரை இன்னும் எத்தனை தடவை எழுதுவ?" என்று ஒருநாள் கேட்டார்.

"கூட்டத்துக்கு வந்தா எழுதணும் அண்ணா."

"எழுது. எனக்க வீட்டுக்காரிட்ட மட்டும் சொல்லிராத. ஒருத்தனுக்குச் சோறு வைக்கதுக்கே மொறைக்கா."

புதுவிடியலில் என் வேலையைச் செய்தவர் சிஜின். எங்கள் இருவருக்கும் அந்த ஆகஸ்டில்தான் நிச்சயம் நடந்திருந்தது. ஞாயிறு மாலைகளில் குழித்துறை ஆற்றங்கரையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை, இரண்டு இயக்குநர்களும் 'நிறுவனங்களுக்கிடையேயான ஒருங்கிணைப்புக் கூட்டம்' என்று அவரவர் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, எங்கள் காதலே இரட்டைப் பதிவுதான்.

இப்படி இனிமையாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஒரு நபர், ஒரு குறியீடு. இரட்டைப் பதிவுகளை உடனே களையவும். புதன்கிழமை ஆய்வு.' இரட்டைப் பதிவே இல்லாத சங்கத்துக்குக் கேடயம் உண்டு என்று அடியில் ஒரு வரியும் இருந்தது.

கேடயம் என்ற சொல் சத்தியநேசன் சாரை வேறு மனிதராக மாற்றியது. அதுவரை கூட்டிக்கொண்டிருந்தவர் அன்று முதல் கழிக்கத் தொடங்கினார். பெயரின் முதல் எழுத்து, தகப்பன் பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, ஊர். இவற்றைச் சேர்த்தால் குறியீடு. ஒரே குறியீடு இரண்டு முறை வந்தால் முதல் வரி நிற்கும், மற்றவை அழியும். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது.

கடற்கரை வீடுகளுக்குப் பதினாறு வருடமாக நடையாய் நடக்கும் களப்பணியாளர் நேசபாய் அக்கா மட்டும் பின்னால் நின்று சொன்னார். "சாரே, ஒரு நாள் தாங்க. லிஸ்ட்டைக் கொண்டுபோய் ஆளாளு முகத்தைப் பாத்துட்டு வருதேன்."

"அக்கா, முகம் ஆதாரம் இல்ல. குறியீடுதான் ஆதாரம். சுபிதா, அமுக்கு."

அமுக்கினேன். 569 பேர் இருந்த இடத்தில் 231 பேர் இருந்தார்கள்.

"மீதிப் பேரு எங்கம்மா?"

"அவங்க இவங்கதான் சார்."

சார் விரல் விட்டுக் கழித்துப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "338 இரட்டைப் பதிவை ஒரு நொடியில ஒழிச்சிருக்கோம். இதை ஒரு சாதனையா எழுது."

எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேளாங்கண்ணி வந்தார். மீன் விற்கிறவர். கணவர் இறந்த பிறகு இரண்டு வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கடற்கரை ஆட்கள் நகரத்துச் சிகிச்சை மையம்வரை போய்க் காத்து நிற்க வேண்டாம் என்று, மாத டப்பாவை எங்கள் சங்கக் கவுண்டரிலேயே கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. மீன் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை நீட்டினார்.

குறியீட்டைத் தட்டினேன். திரையில் வந்தது: 'விழிப்புணர்வுக் கூட்டத்தில் பங்கேற்பு. மருந்து தேவையில்லை.'

"என்ன பிள்ளே, இப்பிடி முழிக்க?"

அவர் ஊரில் 1971இல் மாதாவுக்குக் கெபி என்னும் சிறு குகைக்கோயில் கட்டினார்கள். அந்த வருடம் நேர்ச்சை வைத்துப் பிறந்த பெண் பிள்ளைகளுக்கெல்லாம் வேளாங்கண்ணி என்று பெயர். பிறந்த தேதி நினைவில்லாதவர்கள் பள்ளிக்கூடத்தில் மாதா திருநாளான செப்டம்பர் எட்டைச் சொல்லிவிட்டார்கள். இவரைத் தவிர இன்னும் இரண்டு வேளாங்கண்ணிகள் அங்கே உண்டு. மூவரின் தகப்பன்மாருக்கும் அந்தோணியில் தொடங்கும் பெயர். எங்கள் பொத்தான் மூன்று பெண்களையும் ஒருத்தியாக்கி, கூட்டத்துக்கு வந்து டீ மட்டும் குடித்த முதல் வேளாங்கண்ணியை வைத்துக்கொண்டு, மாத்திரை சாப்பிடுகிறவரை அழித்திருந்தது.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அக்கா, ரெக்கார்டுபடி உங்களுக்கு நோய் இல்ல."

"கொள்ளாமே. அந்த கம்ப்யூட்டருட்ட சொல்லி, எனக்க ரத்தத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு." பிறகு இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் பிரித்தார். "நாலு மாத்திரை கிடக்கு. இண்ணைக்கி ரெண்டு, நாளைக்கி ரெண்டு. ஒரு வேளைகூட தப்பப்பிடாதுண்ணு நேசபாய்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. தப்பிச்சுண்ணா பொறவு இந்த மாத்திரை கேக்காதாம்."

சாரிடம் ஓடினேன். அவர் கேடயத்துக்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சேத்தா அந்தக் குறியீடு ரெண்டாயிரும். நாளைக்கி ஆய்வு. ஒரே ஒரு இரட்டைப் பதிவு இருந்தாலும் போச்சு." ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கருணையான யோசனையும் சொன்னார். "புது நபராச் சேத்துரு. வேற பேரு, வேற பிறந்த நாள். நமக்கும் ஒரு ஆள் கூடும்."

"புதுப் பதிவுன்னா புது ரத்தப் பரிசோதனை, புது ஆலோசனை, எல்லாம் முடிய மூணு வாரம் ஆகும் சார்."

"ரெண்டு வருசம் சாப்பிட்டவங்க மூணு வாரம் பொறுக்க மாட்டாங்களா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேளாங்கண்ணி உள்ளே வந்தார். "சாரே, நான் பொறுப்பேன். உள்ள இருக்கது பொறுக்குமாண்ணு கேட்டுச் சொல்லுங்க."

சார் மறுபடியும் சுத்தியலை எடுத்துக்கொண்டார். நேசபாய் அக்கா வேளாங்கண்ணியின் பாத்திரத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு அவரோடேயே கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை ஆய்வுக்கு வந்த மேடம் கண்ணாடி போட்ட, குறைவாகப் பேசுகிற அம்மாள். சத்தியநேசன் சார் இருபது நிமிடம் உரையாற்றினார். இரட்டைப் பதிவு என்பது ஒரு சமூகத் தீமை என்றார். அதைக் கரையோரத்திலிருந்து விரட்டிய முதல் சங்கம் எங்களுடையது என்றார். கூடத்தில் பயனாளிகள் முப்பது பேர் இருந்தார்கள். ஆன்றோ முன்வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒரு குறியீட்டைச் சொல்லுங்க. ஆளைப் பார்த்துச் சரிபார்க்கிறேன்" என்றார் மேடம்.

பட்டியலைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். நூற்றுப் பதினேழாவது வரியில் என் விரல் 'தற்செயலாக' நின்றது. பின்வரிசையிலிருந்த நேசபாய் அக்காவை நான் பார்க்கவில்லை என்று எந்தக் கெபியிலும் சத்தியம் செய்வேன்.

"வே, அ, எட்டு ஒன்பது எழுபத்தொன்று" என்று மேடம் வாசித்தார். "இவங்க வந்திருக்காங்களா?"

பின்வரிசையில் மூன்று பெண்கள் எழுந்தார்கள்.

"ஒருத்தரைத்தான் கேட்டேன்."

"அது நான்தான்" என்றார் முதல் பெண்.

"ஏட்டி, நீ இரி. எட்டு ஒம்பது எழுபத்தொண்ணு நானாக்கும்" என்றார் அடுத்தவர்.

இந்த இருவருக்கும் நேசபாய் அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஆபீசில் உங்கள் மூன்று பேரையும் ஒருத்தியாக்கிவிட்டார்கள். மீன் விற்கிற பெண்களுக்குக் கோபம் வர அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த டப்பா என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதில் ஒரிஜினல் யார்?"

எங்கள் வேளாங்கண்ணி நிதானமாகச் சொன்னார். "மூணு பேரும் ஒரிஜினல்தான் மேடம். தொட்டுப் பாருங்க. டூப்ளிகேட்டு உங்க கையில இருக்க தாளாக்கும்."

கூடம் சிரித்தது. ஆன்றோ எழுந்து நின்று, "மேடம், அப்போ எனக்க ஒம்பது பேரும் போச்சா?" என்று கவலையோடு கேட்டார். சார் அவசரமாக அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.

மேடம் சிரிக்கவில்லை. குறியீட்டின் கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடச் சொன்னார். அழித்த 338 வரிகளையும் திரும்பக் கொண்டுவந்து, நேசபாய் அக்கா வீடு வீடாகப் போய் முகம் பார்த்த பிறகே எதையும் நீக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிட வேலை. வேளாங்கண்ணிக்கு இரண்டாம் எண் வந்தது.

அன்று பகல் கவுண்டரில் டப்பாவை நீட்டி, "அக்கா, இனி நீங்க ரெண்டு" என்றேன்.

"ரெண்டா? அவளுவ ரெண்டு பேரையும்விட நான்தான் மூத்தவ." டப்பாவை மடியில் கட்டிக்கொண்டார். "செரி போட்டு. அழிஞ்சு கிடந்ததுக்கு ரெண்டு நல்லதுதான். கல்யாணம் எப்பம் பிள்ளே? மீனு நான் தருவேன், கேட்டியா. சிஜினையும் ஒண்ணு, ரெண்டுண்ணு எழுதிப் போடாத."

கேடயம் வரவில்லை. ஆணி மட்டும் சுவரில் இருந்தது. ஆனால் சத்தியநேசன் சாரை ஆணியால் தளரச் செய்ய முடியாது. அந்த மாத அறிக்கையில், 'சிகிச்சையிலிருந்து விடுபட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்து மீட்டது' என்ற கட்டத்தில் வேளாங்கண்ணியை எழுதச் சொன்னார். எண்ணிக்கை: ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் சிஜின் தன் சங்கத்து அறிக்கையைக் காட்டினார். அங்கும் அவர் பதிவில் இருந்ததால் அதிலும் அதே கட்டத்தில் வேளாங்கண்ணி. எண்ணிக்கை: ஒன்று. ஒரு முறை தொலைந்த பெண்ணை இரண்டு சங்கங்கள் இரண்டு முறை மீட்டிருந்தோம்.

படிவத்தில் அடுத்த கட்டம் ஒன்று உண்டு. 'நமது தவறால் விடுபட்டவர்கள்.' சிஜினின் தாளில் அங்கே பூஜ்யம். என் தாளிலும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத் தட்டியது பொத்தானை அமுக்கிய இதே விரல்தான். அந்தக் கட்டத்தில் மட்டும் எங்கள் கடற்கரையில் இன்றுவரை ஒரு இரட்டைப் பதிவுகூட இல்லை.