சேஃப்டி வாயைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பூலோகத்தில் கற்பூர ஆரத்தியைப் பத்தடி தள்ளி நின்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஒரே மனிதர் எங்கள் தெரு சேஃப்டிதான். கோயிலில் குருக்கள் தட்டை நீட்டுவார். இவர் ஓர் அடி பின்னால் போவார். குருக்கள் முன்னால் வருவார். இவர் இன்னும் பின்னால் போவார். பிராகாரம் முடிகிற இடத்தில் குருக்களுக்கே அலுத்துப்போய், திருநீற்றை மட்டும் கையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் திருவள்ளூரை ஒட்டிய எங்கள் மணவாள நகரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் இரும்பு ஆலையில் அவர் சேஃப்டி சூப்பர்வைசர். கிரேன் ஓடுகிற ஷெட்டில் யார் ஹெல்மெட் போடவில்லை, எவன் செருப்போடு வந்தான் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார். உத்தியோகத்தைக் கழற்ற மாட்டார்.

என் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் ஹோமம் ஆரம்பிக்கும் நேரம், "சாமி, ஒரு அவசரம்னா எல்லாரும் எந்த வழியா ஓடணும்?" என்று கேட்டு, மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவரைத் திக்க வைத்தார். என் மகளின் பிறந்த நாளுக்கு வந்து, கேக்குக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்றை மடித்து வைத்தார். எடுத்த படம் அத்தனையிலும் குழந்தை சிரிக்கிறாளோ இல்லையோ, அந்தச் சாக்கு பளிச்சென்று தெரிகிறது.

இதையெல்லாம் தெரு சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டது. அவர் மனைவி வசந்தா அக்கா சிரிக்காமல் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமை கார்த்திகை தீபத்தன்று தீர்ந்துபோனது.

அக்கா வாசல் நிறையக் கோலம் போட்டு, அகல்களை வரிசையாக ஏற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தார். காற்றில் ஓர் அகல் லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான். உள்ளேயிருந்து தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் சேஃப்டி. ஒரே பீச்சு. விளக்கு, கோலம், தட்டில் இருந்த பொரி உருண்டை, எதிர் வீட்டு நாய் எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. கார்த்திகையும் அதுவுமாக வாசல் இருட்டாகிவிட்டதே என்று அக்கா அழுத அழுகையை நான் மறக்கவே மாட்டேன். அழுது முடித்ததும் புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் வேன் பிடித்துப் பழவேற்காடு போவதாக ஏற்பாடு. போய்விட்டுத் திரும்பும்போது கும்மிடிப்பூண்டி பக்கம் ஸ்டெல்லா என்று ஒரு பெண் மெழுகுவத்தி செய்யக் கற்றுத் தருகிறாராம். மெழுகுவத்தியும் அதற்கான ஸ்டாண்டும் நாமே செய்து வீட்டுக்கு எடுத்துவரலாமாம். "அதையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே" என்று சொன்னவன் நான்தான். தவளை தன் வாயால் கெடும்.

வேன் கிளம்பும் நேரம் வசந்தா அக்கா படிக்கட்டில் நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி புருஷனிடம் பேசினார்.

"தோ பாருய்யா. நான் இன்னிக்கு என் கையால ஒரு மெழுகுவத்தி செய்யப்போறேன். ஊடு திரும்பற வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாது. ஒரே ஒரு வார்த்த பேசுன, வரும்போது திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆர்.கே.பேட்டைக்கு எங்க அக்கா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அப்புறம் வந்து கூப்புடாத."

வெறும் மிரட்டல் என்றுதான் நினைத்தோம். ஆனால் அக்கா கையில் ஒரு பெரிய பை இருந்தது. அதன் வாயில் மிக்ஸி ஜார் எட்டிப் பார்த்தது. புடவையோடு கிளம்புகிற பெண் நாலு நாளில் திரும்பி வந்துவிடுவாள். மிக்ஸி ஜாரோடு கிளம்புகிறவள் வர மாட்டாள். வேனில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். சேஃப்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்து, மெல்லத் தலையாட்டினார்.

"தம்பி, நீ இவரு பக்கத்துலயே குந்திக்கோ" என்று அக்கா என்னைக் காவலுக்குப் போட்டார்.

அன்று முழுக்க என் கண் அவர் உதட்டிலேயே இருந்தது. டிரைவர் பீடி பற்ற வைத்தார். சேஃப்டியின் உதடு பிரிந்தது. நான் அவர் தொடையைக் கிள்ளினேன். உதடு மூடிக்கொண்டது. ஆனால் கண்ணாடி வழியாக டிரைவரை அவர் பார்த்த பார்வையில் அந்த மனுஷன் தானாகவே பீடியைத் தூக்கி எறிந்துவிட்டார். பழவேற்காட்டில் படகில் ஏறுவதற்கு முன்னால் எல்லோருடைய மிதவைச் சட்டையையும் ஒரு வார்த்தை பேசாமல் இழுத்து இறுக்கிக் கட்டினார். ஏரியில் ஒருவராலும் மூச்சு விட முடியவில்லை. பறவைகளை யார் பார்த்தது?

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பெண்ணும் சில வருஷம் ஒரு கிரேன் ஷெட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்தான். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மெழுகுவத்தி செய்கிறார். உள்ளே நுழைந்ததும் சேஃப்டியின் கண்கள் சுற்றி வந்தன. அவர் பார்த்ததையெல்லாம் நானும் வரிசையாகப் பார்த்தேன். கேஸ் அடுப்பின் டியூப் பழசு. கதவு உள்பக்கம் திறக்கிறது. கதவுக்குப் பின்னால் மெழுகு மூட்டை. ஜன்னலில் நைலான் திரை. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"சாருக்கு இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்றார் ஸ்டெல்லா.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அவருக்கு இன்னிக்கு மௌன விரதம்" என்றார் அக்கா.

முதலில் ஸ்டாண்ட். பட்டறையில் மிச்சம் விழுந்த மெல்லிய கம்பியை ஒரு பைப் துண்டின் மேல் சுற்றிச் சுருளாக்க வேண்டும். அடியை அகலமாக விட்டால் மேஜை மேல் நிற்கும். வந்திருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே ஆலைகளில் வேலை செய்கிறவர்கள், அதனால் கம்பி அவர்கள் சொன்னபடி கேட்டது. நான் சுற்றிய கம்பி மட்டும் ஜிலேபி ஆனது. சேஃப்டி தனக்கென்று எதையும் செய்துகொள்ளவில்லை. ஓர் அரத்தை எடுத்துக்கொண்டு, யார் கையையும் கீறிவிடக்கூடாது என்று ஒவ்வொருவருடைய கம்பி முனையையும் தேய்த்து மழுக்கிக்கொண்டே வந்தார். அக்காவின் ஸ்டாண்டை மட்டும் வெகுநேரம் தேய்த்தார். அக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது மெழுகு. கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. அச்சுக்குள் எண்ணெய் தடவி, நடுவில் திரியைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டு, மேலே மெழுகை ஊற்ற வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு ஜக்கில் மெழுகை மொண்டுகொண்டார்கள். வசந்தா அக்கா தன் அச்சில் தூசி இருக்கிறது என்று அதைத் தண்ணீரில் அலசினார். எண்ணெய் தடவினார், திரியைக் கட்டினார், துடைக்க மறந்தார். சூடான மெழுகு ஈரத்தில் பட்டால், எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த மாதிரி முகத்தில் தெறிக்கும். ஜக்கைச் சாய்க்கப் போனார்.

சேஃப்டி எழுந்து நின்றார். துண்டு கீழே விழுந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாயைத் திறக்கப் போகிறார், மிக்ஸி ஜார் ஆர்.கே.பேட்டைக்குப் போகப் போகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து, வேகமாக முன்னும் பின்னும் வீசினார்.

கிரேன் ஷெட்டில் இரைச்சலில் பேச்சு எடுபடாது. கையால்தான் பேசிக்கொள்வார்கள். கீழே நிற்கிறவர் கை காட்ட, மேலே இருக்கிற கிரேன் ஆபரேட்டர் அதன்படி ஓட்டுவார். இப்படி இரண்டு கையையும் வீசினால் 'எல்லாத்தையும் உடனே நிறுத்து' என்று அர்த்தம். அதைக் காட்டுவது முதலாளியாக இருந்தாலும் சரி, கூட்டிப் பெருக்குகிறவராக இருந்தாலும் சரி, ஏன் எதற்கு என்று கேட்காமல் நின்றுவிட வேண்டும்.

நின்றுவிட்டார்கள். எங்கள் தெருவில் கிரேன் ஓட்டுகிற பாபு, ஜக்கைத் தூக்கியபடி சிலையானான். வெல்டர்கள், ஃபிட்டர்கள், பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டெல்லா. பாத்திரத்தைச் சாய்த்த கை சாய்த்தபடி நிற்க, சிவப்பு மெழுகு மேஜை முழுக்க ஓடி, விளிம்பில் தொங்கி, உறைந்துகொண்டிருந்தது. கொட்டகையில் அசைந்தவர்கள் இரண்டே பேர். ஆலைப் பக்கமே போகாத நானும், அக்காவும்.

அக்கா மெழுகை ஊற்றினார். 'பொட்' என்று ஒரு சத்தம். ஒரு பொட்டு மெழுகு எகிறி மேஜையில் விழுந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

"ஏம்மா, நீயாவது ஊத்துறத நிறுத்தியிருக்கக் கூடாது? எல்லாம் பாழாப் போவுதே!" என்றார் அக்கா ஸ்டெல்லாவிடம்.

"நிறுத்தத்தான்க்கா சொன்னாரு. கை அப்டியே நின்னுக்கிச்சு. பழக்கம்" என்றார் ஸ்டெல்லா பரிதாபமாக.

எல்லோருடைய ஜக்கிலும் மெழுகு ஆடை கட்டிவிட்டது. மறுபடி உருக்கப் போட்டுவிட்டுப் பஞ்சாயத்து கூடினோம்.

"அண்ணன் வாயத் தொறக்கலியேக்கா" என்றான் பாபு.

"கையால பேசுனா பேச்சு இல்லியா? இத்தினி பேர் வேலையக் கெடுத்துட்டு நிக்கறாரே, பாரு! ஒரு பேஜாரு புடிச்ச மனுசன்கிட்ட நான் இன்னும் எத்தினி வருசம்யா குப்ப கொட்டறது?"

உருகியதை மறுபடி ஊற்றினோம். மெழுகு இறுகியதும் எல்லோரும் ஏற்றிவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா தன்னுடையதை ஏற்றவில்லை. அழகான மஞ்சள் மெழுகுவத்தி. ஸ்டாண்டில் செருகி, பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். சேஃப்டி வெளியே வேப்ப மரத்தடியில் தலை குனிந்து நின்றார்.

வேனில் யாரும் பாட்டுப் பாடவில்லை. பெரியபாளையம் தாண்டியது. ஒருவரும் டீ கேட்கவில்லை. திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் "நிறுத்துப்பா" என்றார் அக்கா. டிரைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் சேஃப்டியைப் பார்த்தோம். ஆர்.கே.பேட்டை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். மெழுகுவத்தியை சீட்டிலேயே விட்டுவிட்டார்.

சேஃப்டி அந்தப் பேப்பர் சுருளை எடுத்துப் பிரித்தார். அப்புறம் அவரும் இறங்கினார். நேராக டீக்கடைக்குப் போனார். அங்கே கயிற்றில் தொங்கிய லைட்டரைப் பிடித்தார். நாங்கள் ஜன்னலில் முட்டி மோதிக்கொண்டு பார்த்தோம். தீக்குச்சி கிழித்தே நாங்கள் பார்த்திராத மனிதர், லைட்டரைத் தட்டினார்.  இரண்டு மூன்று தடவை தட்டிய பிறகு திரி பற்றிக்கொண்டது.

அதைக் கையால் பொத்திக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். காற்றில் சுடர் சாய்ந்து சாய்ந்து விரலை நக்கியது. உருகின மெழுகு விரல் மேல் வழிந்தது. அவர் விடவில்லை. இப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பையை உள்ளே வைத்துவிட்டுப் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் சொல்ல என்ன வெட்கம்.

"யோவ்!" என்று பஸ் ஸ்டாண்டே அதிரும்படி ஒரு சத்தம். "அறிவு கீதாய்யா உனுக்கு? டீசல் வண்டியாண்ட நெருப்ப எத்துக்கினு வர்ற? போட்டுக்கினு கீறது இன்னா சட்ட, பாலிஸ்டர் சட்ட! ஏம்மா, புள்ளய தூக்கிக்கினு அந்தாண்ட போ! கை சுடுது பாரு, தள்ளிப் புடிய்யா, தள்ளி!"

கத்திக்கொண்டே அக்கா கீழே குதித்து ஓடிவந்து, மெழுகுவத்தியைப் பிடுங்கி, 'ஃபூ' என்று ஊதினார். கண்டக்டர் விசில் அடித்தார். ஆர்.கே.பேட்டை பஸ் மிக்ஸி ஜாரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

வேனில் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் உரித்தார்.

"ரொம்ப சுட்டுச்சா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"சரி, பேசுய்யா இப்ப. அதான் நானே சொல்றேன்ல."

சேஃப்டி தொண்டையைக் கனைத்தார். வேன் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "டிரைவரு, பின் கதவு சரியா சாத்தலப்பா" என்றார். சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. அக்காவும்தான் சிரித்தார்.

தெருவில் இறங்கி நடக்கும்போது, வெகுநாளாக மனதில் இருந்ததை அவரிடம் கேட்டேன். "ஏண்ணே, கம்பெனியில ஏதாவது பெரிய தீ விபத்து பாத்துட்டீங்களா? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லியே தம்பி. நான் சேந்த நாள்லேந்து எங்க ஷெட்டுல ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆவல."

"அப்புறம் ஏண்ணே இவ்வளவு பயம்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலன்னு சொல்றேன், அப்புறமும் ஏன் பயம்னு கேக்கறியே தம்பி" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் என் வீட்டு கேட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவருக்கு நைட் ஷிஃப்ட் இருக்கிற வாரங்களில் எனக்கு ஏனோ சரியாகத் தூக்கம் வருவதில்லை.